ரியூசன் தளத்தில ஓட்டை இருக்கு. சொல்லுறதா, பேசாமல் இருக்கிறதா?

கனகராயன் (கிளிநொச்சி) | வெள்ளி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஏஎல் (உயர்தரம்) தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறன். எங்கட பக்கத்துத் தனியார் கல்வி நிலையம் ஒண்டு (பேர் சொல்ல மாட்டன், கேக்கவும் வேண்டாம்) மாதப் பரீட்சைப் புள்ளியளை இப்ப இணையத்தில போடுது. ஒவ்வொருத்தருக்கும் வட்சப்பில ஒரு லிங்க் வரும். லிங்கின்ர கடைசியில மாணவர் இலக்கம். என்ர கூட்டாளி லிங்கைக் கையால அடிக்கேக்க ஒரு எண் பிழைச்சுப் போச்சு, வேற ஒரு பிள்ளையின்ர பக்கம் திறந்திட்டுது. பாஸ்வேர்ட் ஒண்டும் கேக்கேல்ல.

புள்ளி மட்டுமெண்டால் விட்டிடலாம். பிள்ளையின்ர படம், வீட்டு விலாசம், தாய் தகப்பன்ர அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எல்லாம் கிடக்கு. அதுக்குக் கீழ 'தந்தை: உள்ளார் / காலமானார் / காணாமற்போனவர் / வெளிநாடு' எண்டு ஒரு கட்டம், அதில ஒண்டுக்குச் சரி போட்டிருக்கு.

கூட்டாளி சொல்லுறான், எல்லா இலக்கத்தையும் ஒரு ஸ்கிரிப்ட் (தானா ஓடுற சின்ன நிரல்) எழுதி ஓட்டி, ஸ்கிரீன்சொட்டை முகநூலில போட்டாத்தான் வெக்கத்துக்காவது திருத்துவினமாம். எனக்கு எதிக்கல் ஹக்கிங் (களவுக்கில்லாமல், திருத்துறதுக்காக ஓட்டை தேடுறது) படிக்க விருப்பம். இது அதுக்குள்ள வருமோ? சொல்லப் போனால் எங்களையே பிடிச்சுக் குடுப்பினமோ?

முத்தையன்கட்டான் | வெள்ளி இரவு 10.05

தம்பி, உதை விட்டிட்டுப் பாடத்தைப் படியும். ஹக்கிங் எண்டால் களவு. முன்னுக்கு 'எதிக்கல்' எண்டு ஒட்டிவிட்டால் நல்லதாகிடுமோ? 2016இல 17 வயசுப் பெடியன் ஒருத்தன் சனாதிபதியின்ர இணையத்தளத்துக்குள்ள புகுந்து ஏஎல் சோதினைத் திகதியை மாத்தச் சொல்லி எழுதிப்போட்டு பொலிஸிட்ட அகப்பட்டவன். தெற்கில பிடிபட்டால் பேப்பரில ஒரு செய்தி. எங்கட பிள்ளையள் விசாரணை எண்டு போனால் அது எங்க போய் நிக்கும் எண்டு இந்த ஊர்ச் சனத்துக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

பனங்கூடல் (ரொறன்ரோ, ஊர் புதுக்குடியிருப்பு) | சனி காலை 6.15

எனக்கு இதுதான் தொழில். வங்கியளும் ஆஸ்பத்திரியளும் காசு தந்து தங்கட தளத்தை உடைச்சுப் பாக்கச் சொல்லுறவை. அதால கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல, கூட்டாளியிட்ட சொல்லும், ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டாம். தற்செயலாத் திறந்த ஒரு பக்கம் வேற கதை, வேணுமெண்டு திறந்த நூறு பக்கம் வேற கதை. ஓட்டை இருக்கு எண்டு காட்ட ஒரு பக்கம் போதும். மிச்சத்தை இறக்கினால் அந்தப் பிள்ளையளின்ர விபரம் இன்னொரு இடத்திலயும், அதாவது உங்கட போனிலயும், இருக்கப் போகுது.

ரெண்டாவது, இது அதிசயமான ஓட்டை இல்லை. வாசலில 'நீ ஆர்' எண்டு கேக்கிறது ஒரு சோதனை, 'இந்தப் பக்கத்தைப் பாக்க உனக்கு உரிமை இருக்கோ' எண்டு கேக்கிறது இன்னொரு சோதனை. உங்கட நிலையத்தின்ர தளம் ரெண்டையும் கேக்கேல்ல. கனபேர் முதலாவதைக் கேட்டுப்போட்டு ரெண்டாவதை மறந்திடுவினம். ஓவாஸ்ப் எண்ட அமைப்பு இணையச் செயலியளில அடிக்கடி வாற பத்துக் குறைபாட்டைப் பட்டியல் போடுறது. 2017 பட்டியலில இந்த அனுமதிக் குளறுபடி அஞ்சாம் இடத்தில கிடந்தது, 2021இல முதலாம் இடத்துக்கு ஏறிட்டுது. நான் கூலிக்குப் பாக்கிற பெரிய நிறுவனங்களிலயும் முதல் நாள் காலமை இலக்கத்தை மாத்தித்தான் பாக்கிறனான்.

மூண்டாவது, முகநூல் யோசனை. பலஸ்தீனத்தில ஹெப்ரோனுக்குப் பக்கத்து யட்டா ஊரைச் சேர்ந்த கலில் ஷ்ரியாட்டே எண்டவர், நண்பராக இல்லாத ஆளின்ர பக்கத்திலயும் பதிவு போடலாம் எண்ட ஓட்டையை முகநூலில கண்டு நிறுவனத்துக்கே எழுதினார். இது பிழை இல்லை எண்டு பதில் வந்தது. மனுசன் பொறுக்கேலாமல் 2013 ஓகஸ்ட்டில சக்கர்பேர்க்கின்ர சொந்தப் பக்கத்திலயே பதிவு போட்டுக் காட்டினார். ஓட்டை உடனே அடைபட்டது. ஆனால் விதியை மீறி உண்மையான ஆளின்ர கணக்கில பரீட்சிச்சதெண்டு, ஓட்டை கண்டு சொல்லுறவைக்கு நிறுவனம் குடுக்கிற பரிசுக் காசை அவருக்குக் குடுக்கேல்ல. வெளியில இருந்த கணினிப் பாதுகாப்புக்காரர் சேந்து பத்தாயிரம் டொலருக்கு மேல சேர்த்துக் குடுத்தவை. அவர் போட்டது நிறுவனத் தலைவரின்ர பக்கத்தில. உங்கட கூட்டாளி போட நினைக்கிறது அப்பா காணாமற்போன ஒரு பிள்ளையின்ர விபரத்தை.

நீதிமன்ற வாசல் (வவுனியா) | சனி காலை 8.30

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம், 3ஆம் பிரிவு. தனக்குச் சட்டபூர்வ அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு கணினிக்குள் அல்லது அதிலுள்ள தகவலுக்குள் நுழைய வேண்டுமென்றே ஏதாவது செய்தால் குற்றம். ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கணினியை வெறுமனே இயக்கிவிடுவதே போதும் என்று அந்தப் பிரிவுக்குக் கீழ் விளக்கமும் இருக்கிறது. 'நல்ல எண்ணத்தோடு செய்தேன்' என்பவருக்குத் தனியான விலக்கு எழுதப்படவில்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் 2022 மே மாதம், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்கு வழக்குத் தொடர்வதில்லை என்று கொள்கை வெளியிட்டது. அதை வாசித்துவிட்டு இங்கே துணிய வேண்டாம்.

மற்றப் பக்கமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகளின் விபரத்தை வாங்கி வைத்திருப்பவருக்கு அதைக் காக்கும் கடமை இருக்கிறது. முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது என்பது வேறு விடயம். தம்பியின் கூட்டாளி எண் பிழைத்துத் திறந்தது 'தெரிந்துகொண்டு' என்பதற்குள் வராது என்பது என் எண்ணம். இனித் திறந்தால் வரும்.

ஐசிரி ரீச்சர் (தகவல் தொழில்நுட்பப் பாடம், மாங்குளம்) | சனி பகல் 12.10

முத்தையன்கட்டு ஐயாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பயப்படுத்தி நிறுத்தினால் பிள்ளைகள் நிற்கப் போவதில்லை, ஒளித்துச் செய்வார்கள். யூடியூப்பைப் பார்த்து அயலவரின் வைஃபையை உடைக்கப் பழகும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்லும் கதை சென்னையைச் சேர்ந்த லக்ஸ்மன் முத்தையா. இன்ஸ்டகிராமில் கடவுச்சொல்லை மறந்தால் போனுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும், பத்து நிமிடம்தான் செல்லும். ஆறு இலக்கம் என்றால் பத்து இலட்சம் சாத்தியங்கள். ஒரே இடத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தால் தளம் மறித்துவிடும். ஆனால் பல இணைய (ஐபி) முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் மறிப்பு வேலை செய்யவில்லை. ஆயிரம் முகவரிகளில் இருந்து இரண்டு இலட்சம் குறியீடுகளை அனுப்பிக் காட்டினார். முழுப் பத்து இலட்சத்துக்கும் ஐயாயிரம் முகவரி வேண்டும், வாடகைச் சேர்வரில் 150 டொலர் அளவில் முடியும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். 2019இல் 30,000 டொலர் பரிசு. ஒருவருடைய கணக்கையும் அவர் பறிக்கவில்லை. பரிசுத் திட்டம் இருந்த இடத்தில், அதன் விதிக்குள் நின்று செய்தார். வகுப்பில் பெடியள் டொலரைத்தான் கேட்கிறார்கள், நான் அந்தப் பத்து இலட்சத்துக் கணக்கைக் கரும்பலகையில் போட வைப்பேன்.

முத்தையன்கட்டான் | சனி பகல் 1.25

ரீச்சர், முப்பதாயிரம் டொலர் கதை கேட்டு எத்தினை பேர் படிப்பை விட்டிட்டு இரா முழுக்கப் போனோட கிடக்கப் போறாங்களோ தெரியேல்ல. அதையும் ஒருக்கா எழுதுங்கோ.

ஐசிரி ரீச்சர் | சனி பகல் 1.40

சரிதான் ஐயா. அதை மட்டும் நம்பிச் சோறு தின்ன ஏலாது, அதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

வரட்டுப்பள்ளம் (துணுக்காய்) | சனி பின்னேரம் 4.00

முத்தையன்கட்டான் அண்ணை, உங்கட பக்கம் யானைவேலி இருக்குத்தானே. கரண்ட் வருதோ எண்டு மீற்றர் வைச்சுப் பாத்துக்கொண்டு போறவனை யானையின்ர ஆள் எண்டு சொல்லுவியளோ? எந்தக் கட்டையில கரண்ட் இல்லை எண்டு யானை எப்பிடியும் கண்டுபிடிச்சிடும். அதுக்கு முதல் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டாமோ?

முத்தையன்கட்டான் | சனி பின்னேரம் 4.20

மீற்றர் வைச்சுப் பாக்கிறவனை நாங்கள் சொல்லித்தான் விட்டனாங்கள். அவன் ஆற்றை பெடியன் எண்டும் தெரியும். கேக்காமல் கொள்ளாமல் இரவில வந்து என்ர வேலியைத் தொட்டுக்கொண்டு நிக்கிறவன் மீற்றர்தான் வைச்சிருந்தவன் எண்டு எனக்கெப்படித் தெரியும்?

பனங்கூடல் | சனி பின்னேரம் 5.05

ஐயா, எங்கட தொழிலின்ர முதல் விதியை நீங்களே எழுதிப்போட்டியள். வேலைக்குப் போக முதல் ஒரு கடதாசி எழுதுவம். எந்தத் தளம், எந்த நாள், எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரை, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, ஏதும் பிழைச்சால் ஆருக்கு அழைக்கிறது. ரெண்டு பக்கமும் கையெழுத்து. அந்தக் கடதாசி இல்லாட்டில் நான் செய்யுறதுக்கும் கள்ளன் செய்யுறதுக்கும் கணினியில ஒரு வித்தியாசமும் தெரியாது, ரெண்டுக்கும் ஒரே கருவியள்தான். சொன்னால் நம்ப மாட்டியள், என்ர வேலை நேரத்தில பாதிக்கு மேல அறிக்கை எழுதுறதிலதான் போகுது. என்ன கண்டன், அதை வைச்சு என்ன செய்யலாம், எப்பிடித் திருத்துறது எண்டு, கணினி தெரியாத முகாமையாளருக்கும் விளங்கிற மாதிரி எழுத வேணும். படங்களில வாற பச்சை எழுத்து ஓடுற கறுப்புத் திரை எல்லாம் கொஞ்ச நேரம்தான்.

அனுமதி குடுக்கிற பழக்கம் பெரிய இடத்திலயும் லேசில வரேல்ல. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சே 2016இலதான் 'ஹக் த பென்டகன்' எண்டு வெளியாரைக் கூப்பிட்டுது. ஆயிரத்து நானூறு பேரளவில பதிஞ்சவை, 138 உண்மையான ஓட்டை அகப்பட்டது.

மல்லாவி கொம்யூனிகேசன் | சனி இரவு 8.15

நான் கடை வைச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, ரீலோட், ஒன்லைன் படிவம் நிரப்புறது. போன மாதம் கம்பஸில படிக்கிற எங்கட மருமகன் வந்து, "மாமா, கடையை ஒருக்காச் சோதிக்கட்டோ" எண்டு கேட்டவன். நான் சிரிச்சுப்போட்டுச் சரியெண்டன். அவன் விடேல்ல, கொப்பியில நாலு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிப்போட்டுத்தான் துடங்கினவன்.

தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் ரவுட்டருக்குள்ள போட்டான். அடியில ஒட்டியிருந்த ஸ்ரிக்கர் பாஸ்வேர்டை நாங்கள் ஒருநாளும் மாத்தேல்ல. கமெராப் பெட்டியும் அப்பிடித்தான், வாங்கின நாள் பாஸ்வேர்ட். ஆனால் எனக்கு வேர்த்தது அதுக்கில்லை. 'ஸ்கான்' எண்டு ஒரு போல்டர், பிரிண்டருக்காக எல்லாக் கணினிக்கும் திறந்து விட்டிருந்தது. கடை வைஃபையில இருக்கிற ஆரும் போனிலயே அதைப் பாக்கலாம். உள்ளுக்க சனத்தின்ர அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தக முதல் பக்கம், அஸ்வெசும (அரச உதவிப்பணம்) படிவம். 2019இல இருந்து ஒண்டும் அழிக்கேல்ல. குறோமில ஆக்களின்ர ஈமெயில் பாஸ்வேர்ட் எல்லாம் 'சேவ்' ஆகிக் கிடந்தது. ரெண்டு பேரின்ர வட்சப் திறந்தபடி.

இப்ப ஸ்கான் பண்ணினதை ஆள் கடையை விட்டு இறங்க முதல் அழிக்கிறம். வைஃபை ரெண்டாப் பிரிச்சாச்சு, கடைக்கு வேற, சனத்துக்கு வேற. செலவு ஒரு சதமும் இல்லை. வன்னியில எல்லாக் கொம்யூனிகேசனிலயும் இந்தப் போல்டர் இருக்கும், எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ.

பழைய பதிவாளர் (செட்டிகுளம்) | சனி இரவு 10.30

வாசித்துக்கொண்டே போனேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. 2009இற்குப் பிறகு மனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும், மீள்குடியேறிய பின் ஊர்களிலும் நான் பல நிறுவனங்களுக்குப் படிவம் நிரப்பியவள். ஒரே குடும்பத்திடம் ஒரே விபரத்தை எத்தனை பேர் கேட்டோம்! யார் இறந்தார், யார் காணாமற்போனார், யார் தடுப்பிலிருந்து வந்தார், பெண் தலைமைக் குடும்பமா, கையா காலா போனது. எல்லாம் எக்ஸல் கோப்பு. பென்டிரைவில் கொண்டு திரிந்தோம். திட்டம் முடிந்து அலுவலகத்தை மூடியபோது மேசை கதிரைக்குக் கணக்கு எடுத்தார்கள், கோப்புகளுக்கு எடுக்கவில்லை. அந்த மடிக்கணினிகள் இன்று யார் வீட்டில் இருக்கின்றன?

நுண்கடன் கம்பனிக்காரர் வீடு வீடாக வந்த காலத்தில், எந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று முன்கூட்டியே தெரிந்து வந்ததுபோல எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, சந்தேகம்தான். தம்பி கண்ட அந்தக் கட்டத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். கணிதப் புள்ளி சொல்ல, தகப்பன் காணாமற்போனவரா என்று எதற்குத் தெரிய வேண்டும்?

பனங்கூடல் | ஞாயிறு காலை 5.50

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேக்கிற ஆளாத்தான் நல்ல சோதனைக்காரர் இருக்க வேணும், அக்கா. வைச்சிராத தகவலை ஒருத்தராலும் களவெடுக்கேலாது.

கனகராயன், இதுதான் நீங்கள் அனுப்ப வேண்டியது. தனிய அனுப்ப வேண்டாம், ஒரு ஆசிரியரையோ பெற்றோரையோ சேர்த்துக்கொள்ளும். வேற பிள்ளையின்ர ஸ்கிரீன்சொட்டை இணைக்கவே வேண்டாம்.

'மதிப்புக்குரிய நிர்வாகி அவர்களுக்கு, உங்கள் பெறுபேற்றுப் பக்கத்தின் இணைப்பிலுள்ள மாணவர் இலக்கம் மாறினால், கடவுச்சொல் இல்லாமலே வேறு மாணவரின் விபரம் திறக்கிறது. இலக்கம் பிழைத்து அடித்தபோது தற்செயலாக இதைக் கண்டோம். எந்த விபரத்தையும் நாம் சேமிக்கவில்லை, பிறருக்கு அனுப்பவுமில்லை. திருத்தும் வரை பக்கத்தை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தளத்தை அமைத்தவர் விளக்கம் கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறோம். இதற்காகப் பணமோ வேறெதுவுமோ எதிர்பார்க்கவில்லை.'

கடைசி வசனத்தை வெட்டிப் போடாதையும். 'ஓட்டை இருக்கு, காசு தந்தால் சொல்லுறன்' எண்டு எழுதினால் அது கப்பம், மிரட்டிக் காசு பறிக்கிறது. பதில் வராட்டில், இலங்கை செர்ட் எண்ட அமைப்பு 2006இல இருந்து இதுக்கெண்டே இருக்கு, 101க்கு அழைச்சுச் சொல்லலாம்.

முத்தையன்கட்டான் | ஞாயிறு காலை 7.10

கடிதம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒண்டு கேக்கிறன். 2023இல அரசாங்கத்தின்ர மின்னஞ்சலே ரான்சம்வெயாரில (கோப்புகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற மென்பொருள்) போனதெல்லோ. கொழும்பில படிச்ச ஆக்கள் இருந்தும் காப்பாத்தேலாமல் போன இடத்தில, உந்தச் சோதனை அறிக்கையால என்ன பிரயோசனம்?

பனங்கூடல் | ஞாயிறு காலை 7.45

நல்ல கேள்வி. அங்க ஓடினது எக்ஸ்சேஞ்ச் 2013 எண்ட மின்னஞ்சல் மென்பொருள். மைக்ரோசொப்ட் அதுக்கான ஆதரவை 2023 ஏப்ரலில நிப்பாட்டிட்டுது, ஓகஸ்ட்டில அடி விழுந்தது. நகலும் சேர்ந்து பூட்டுப்பட்டதால மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கேல்ல. பழைய மென்பொருள், தனியா எடுத்து வைச்ச நகல் இல்லை. இந்த ரெண்டையும் ஆர் போய்ச் சோதிச்சாலும் முதல் பக்கத்திலயே எழுதியிருப்பினம். புதுப்பிக்க நினைச்சும் நிதி இல்லாமல் தள்ளிப்போனதெண்டு அவையே சொல்லிச்சினம். அதால உங்களோட பாதி ஒத்துப் போறன். அறிக்கையை வாசிச்சுப்போட்டு லாச்சிக்குள்ள வைக்கிறவருக்கு எந்த ஹக்கரும் உதவேலாது. என்ர சொந்த அனுபவத்திலயும், போன வருசம் எழுதிக் குடுத்த அதே ஓட்டையை அடுத்த வருசமும் காசு வாங்கிக்கொண்டு திரும்ப எழுதிக் குடுத்திருக்கிறன்.

கனகராயன் | வியாழன் இரவு 8.50

அம்மாவும் எங்கட பாடசாலை ஐசிரி சேரும் சேந்து வந்தவை. கடிதத்தை அச்செடுத்துக் கையில குடுத்தனாங்கள். நிர்வாகி முதல்ல "ஆர் உன்னை உதுக்குள்ள போகச் சொன்னது" எண்டு சத்தம் போட்டார். சேர் பொறுமையாக் கதைச்சார். அம்மா ஒண்டுதான் கேட்டவ, "என்ர அடையாள அட்டை நம்பர் உங்களுக்கு என்னத்துக்கு?" அதுக்குப் பிறகு மனுசன் தளம் செய்து குடுத்த ஆளுக்கு எங்கட முன்னாலயே போன் எடுத்தார்.

இரவே பக்கத்தை நிப்பாட்டிட்டினம். இண்டைக்குத் திரும்பத் திறந்திருக்கு. எனக்கு வந்த லிங்கில இப்ப மாணவர் இலக்கம் இல்லை, அதுக்குப் பதிலா நீளமா என்னவோ எழுத்தும் எண்ணும் கலந்து நிக்குது. விலாசமும் அந்தக் கட்டமும் இல்லை, புள்ளி மட்டும்தான். ஆனால் பாஸ்வேர்ட் இன்னும் கேக்கேல்ல. இது காணுமோ?

பனங்கூடல் | வியாழன் இரவு 11.20

அரைவாசி. நீளமான குறியீட்டை ஊகிக்கேலாது, அது நல்லது. ஆனால் லிங்கை ஆராவது குறூப்பில போட்டால் போட்டதுதான், பாக்கிற எல்லாருக்கும் திறக்கும். புள்ளி மட்டுமெண்டால் அந்த ஆபத்தோட இருக்கலாம் எண்டு அவை தீர்மானிக்கலாம், அது அவையின்ர உரிமை. இன்னொரு வரி எழுதிக் குடுத்துப்போட்டு நிப்பாட்டும். திருத்தினது சரியோ எண்டு நீராச் சோதிக்கப் போகாதையும், அவை கேட்டால் மட்டும்.

கனகராயன் | வெள்ளி காலை 6.30

சரி அண்ணை. அப்ப பழகுறதுக்கு என்ன வழி? என்ர மடிக்கணினி 4 ஜிபி ராம், டேற்றாவும் மாதம் முடிய முதல் முடிஞ்சிடும். காலி லினக்ஸ் (ஹக்கிங் கருவியள் அடங்கின இயங்குதளம்) இறக்கவே ஏலாது போல கிடக்கு.

ஐசிரி ரீச்சர் | வெள்ளி காலை 7.05

காலி லினக்ஸ் இப்போது தேவையில்லை. 'ஓவர் த வயர்' தளத்தில் பண்டிற் என்ற விளையாட்டைத் தொடங்குங்கள். கட்டளை எழுதி ஒவ்வொரு படியாக அடுத்த கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து மட்டும்தான் போய் வரும் என்பதால் டேற்றா மிகக் குறைவு. அது முடிந்தால் போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்கியூரிற்றி அக்கடமி, இலவசம். நீங்கள் கண்ட இதே இலக்கம் மாற்றும் ஓட்டைக்கு அங்கே பயிற்சி இருக்கிறது. உடைப்பதற்கென்றே கட்டிய தளம், ஒருவரிடமும் கேட்க வேண்டாம்.

முத்தையன்கட்டான் | வெள்ளி காலை 7.40

ரீச்சர், என்ர பேத்தி ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கும் அந்த விளையாட்டு விளங்குமோ? இங்கிலீஸ் கனக்க வேணுமோ?

மல்லாவி கொம்யூனிகேசன் | வெள்ளி காலை 8.00

அண்ணை, பேத்தியை லீவுக்கு இஞ்ச விடுங்கோ. எங்கட மருமகன் ஆவணி வரை நிப்பான். கடையில ஒரு பழைய விண்டோஸ் 7 மிஷின் கிடக்கு, அதை அவன் உடைக்கச் சொல்லியே குடுப்பான். கையெழுத்து மட்டும் வாங்குவான்.